நான்கு என்ஜின் பி-52: கற்பனை மேம்பாட்டு மாடல் கட்டுவோருக்கு அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க விமானப்படையின் பி-52எச் குண்டுவீச்சு விமானத்துக்கு எட்டு என்ஜின். அவற்றைக் கழற்றிவிட்டு நான்கு பெரிய என்ஜின் மாட்டியிருந்தால் விமானம் எப்படி இருந்திருக்கும் என்பதை 1/144 அளவில் பிளாஸ்டிக்கில் செய்து பார்ப்பதற்கான வழிகாட்டி இது. பெட்டியில் உள்ளபடியே இரண்டு மூன்று மாடல் கிட்டாவது (பாகங்களாக வரும் தொகுப்பு) கட்டி முடித்தவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது.

இது முழுக்கக் கற்பனையா, ஏதாவது அடிப்படை உண்டா?

அடிப்படை உண்டு. 1996-ல் போயிங்கும் ரோல்ஸ்-ராய்ஸும் சேர்ந்து இப்படி ஒரு திட்டத்தை விமானப்படையிடம் வைத்தன. எட்டு டிஎஃப்33 என்ஜினுக்குப் பதில், போயிங் 757 பயணிகள் விமானத்தில் பறந்த ஆர்பி211-535 நான்கு. விமானப்படை ஏற்கவில்லை. கடைசியில் 2021 செப்டம்பரில் எட்டுக்கு எட்டாகவே ரோல்ஸ்-ராய்ஸ் எஃப்130 தேர்வானது. அப்படி மாறும் விமானத்துக்குத்தான் பி-52ஜே என்று பெயர். அதனால் உங்கள் மாடலுக்கு ஜே என்று பெயர் வைக்காதீர்கள். விவரம் தெரிந்தவர் பார்த்தால் முதலில் என்ஜினைத்தான் எண்ணுவார். கே என்று வைத்துக்கொண்டால் வம்பில்லை.

நான்கு என்ஜினின் பலம் போதுமா?

தாராளமாக. டிஎஃப்33 ஒன்றின் உந்துவிசை சுமார் 17,000 பவுண்டு, எட்டுக்கு 1,36,000. ஆர்பி211-535இ4 ஒன்று சுமார் 40,000 பவுண்டு, நான்குக்கு 1,60,000. பலத்தில் குறையில்லை, சிக்கல் வேறு இடத்தில் வருகிறது.

என்ன சிக்கல்? மாடல் கட்டுகிறவருக்கு அது எதற்கு?

எட்டில் ஒன்று நின்றால் எட்டில் ஒரு பங்கு பலம் போகும். நான்கில் ஒன்று நின்றால் கால் பங்கு. அதுவும் இறக்கையின் வெளிப்பக்க என்ஜின் நின்றால் விமானத்தின் மூக்கு அந்தப் பக்கமாக இழுபடும். அதைச் சுக்கான்தான் தாங்கிப் பிடிக்க வேண்டும். பி-52-ன் சுக்கானோ வாலின் பின்விளிம்பில் ஒட்டவைத்த பட்டைபோல ஒடுங்கியது. இன்னொன்று, பெரிய என்ஜினுக்குக் கீழே தரைக்கு இடைவெளி வேண்டும். பி-52-ன் இறக்கை எரிபொருள் நிறைந்தால் நுனிப்பக்கம் தொங்குகிற இறக்கை.

ஆகவே என்ஜினை மாற்றினால் வாலை மாற்ற வேண்டும், பைலனை (என்ஜினை இறக்கையோடு இணைக்கும் தாங்கியை) மாற்ற வேண்டும், இறக்கைக்கு அடியில் தொங்கும் ஏவுகணைகளையும் நகர்த்த வேண்டியிருக்கலாம். கற்பனை மாடல்கள் பெரும்பாலும் சொதப்புவது இங்கேதான். என்ஜினை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே விட்டால், பொம்மைக்கு வேஷம் கட்டியதுபோல்தான் தெரியும்.

ஏன் 1/144? 1/72-ல் கட்டக்கூடாதா?

கட்டலாம், வைக்க இடம் இருந்தால். நிஜ விமானத்தின் இறக்கை அகலம் 56.4 மீட்டர், நீளம் 48.5 மீட்டர். 1/72-ல் அது 78 செ.மீ. × 67 செ.மீ.; எந்த அலமாரியிலும் அடங்காது. 1/144-ல் 39 × 34. அதைவிட முக்கியம், பயணிகள் விமானக் கிட்கள் பெரும்பாலும் 1/144-ல்தான் வருகின்றன. என்ஜின் அங்கிருந்துதானே எடுக்கப்போகிறோம்.

எந்தக் கிட் வாங்குவது?

அகாடமி, மினிகிராஃப்ட், கிரேட் வால் ஹாபி ஆகியவை 1/144-ல் பி-52 தந்திருக்கின்றன. பி-52ஜி, பி-52எச் இரண்டு வகைகளில் எது கிடைத்தாலும் சரி. இரண்டுக்கும் வெளியில் தெரியும் பெரிய வேறுபாடு என்ஜின் கூடும் வால் துப்பாக்கியும்தான். இரண்டையும் நாம் எடுத்துவிடப் போகிறோம். என்ஜின் பாகம் மோசமாக வார்க்கப்பட்ட பழைய மலிவுக் கிட்டுக்கு இதைவிட நல்ல கதி கிடையாது.

என்ஜினுக்கு 1/144 போயிங் 757 கிட் இரண்டு. வாங்கும்முன் பெட்டிப் படத்தைப் பாருங்கள். 757-க்கு பிராட் அண்ட் விட்னி என்ஜினும் உண்டு. அதன் கூடு பாதியில் முடிந்து, உள் குழாய் தனியாகப் பின்னால் நீட்டியிருக்கும். ஆர்பி211-535இ4-ன் கூடு கடைசிவரை ஒரே வழுவழுப்பாக ஓடி, பின்னால் ஒரே வாயாக முடியும். நமக்கு வேண்டியது இதுதான்.

வேறு என்ன பொருள்கள் தேவை?

- பிளாஸ்டிக் ஷீட்: 0.25, 0.5, 0.75, 1.0 மி.மீ., ஏ5 அளவில் ஒவ்வொன்று
- பித்தளைக் கம்பி 0.8 மி.மீ., அரை மீட்டர். அதே அளவு டிரில் பிட் இரண்டு (ஒன்று கட்டாயம் உடையும்), பின் வைஸ் (கையால் சுழற்றும் டிரில் பிடி)
- மெல்லிய பிளாஸ்டிக் சிமெண்ட், சூப்பர் க்ளூ, இரு கலவை எபாக்ஸி பசை
- எபாக்ஸி புட்டி
- உப்புத்தாள் 320, 400, 600, 1000
- கோடு கீறும் ஊசி, தடித்த லேபிள் டேப்
- வெர்னியர், கட்டம் போட்ட தாள்

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் எம்-சீல் உள்ளே முட்டுக்கொடுக்க நல்லது. வெளிப்பரப்புக்கு வேண்டாம், மணல் கரகரப்பு, தேய்த்தால் விளிம்பு உதிரும்.

ஒரு 757 கிட் மட்டும் வாங்கி என்ஜினை நகல் எடுக்கலாமா?

லாபம்தான், ஆனால் முதன்முறை ரெசின் (ஊற்றினால் இறுகும் பிளாஸ்டிக் திரவம்) வார்ப்பவர் இரண்டாவது கிட் வாங்கிவிடுவதே மலிவு. துணிந்தவர்களுக்கு முறை இது. கிட் என்ஜினை ஒட்டி, தேய்த்து, பிரைமர் அடித்து முடியுங்கள். அச்சு கைரேகையைக்கூட விடாது. களிமண்ணில் பாதிவரை பதித்து, சுற்றிலும் நான்கைந்து குழி போடுங்கள். இரண்டு பாதியும் பிறகு சரியாகப் பூட்டிக்கொள்ள அவைதான் உதவும். பிளாஸ்டிக் ஷீட்டில் பெட்டி கட்டி ஆர்டிவி சிலிக்கான் (அறை வெப்பத்திலேயே இறுகும் ரப்பர்) ஊற்றுங்கள். இறுகியதும் களிமண்ணை எடுத்துவிட்டு, வெளிப்பட்ட சிலிக்கான் பரப்பில் வாஸலினை மெல்லப் பூசி மறுபாதியை ஊற்றுங்கள். வாஸலின் மறந்தால் இரண்டு பாதியும் ஒரே கட்டியாகிவிடும், பிளேடால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

சிலிக்கான் பிளாட்டினம் வகையென்றால் களிமண்ணில் கந்தகம் இருக்கக்கூடாது. இருந்தால் தொடும் இடமெல்லாம் பிசுபிசுவென்று இறுகாமலே நிற்கும். டின் வகைக்கு இந்தத் தொல்லை இல்லை. ரெசின் 35 டிகிரி வெயிலில் பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு முன்பே கெட்டியாகும். ஒவ்வொரு என்ஜினுக்கும் தனித்தனியாகக் கலக்குங்கள். ரெசினை ஈரமாகவே தேயுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்குப் போகக்கூடாது.

திட ரெசின் என்ஜின், உள்ளீடற்ற கிட் என்ஜினைவிடப் பல மடங்கு கனம் என்பதையும் கணக்கில் வையுங்கள். நான்கும் ரெசினானால் இறக்கை இணைப்பு தாங்காது, அடிப்புறம் பிளக்கும். இறக்கை ஒட்டும்போதே உடலுக்குக் குறுக்கே 0.8 மி.மீ. கம்பி இரண்டை ஊடுருவ விட்டு, எபாக்ஸியால் பிடித்துவிடுங்கள்.

விசிறியில் கவனிக்க ஏதாவது?

நிஜத்தில் விசிறியின் குறுக்களவு 1.88 மீட்டர், 1/144-ல் 13 மி.மீ. இதழ் 22. கிட்டில் எண்ணிக்கை தப்பாக இருந்தாலும் விட்டுவிடுங்கள், கூட்டுக்குள் போனபின் யாரும் எண்ணப்போவதில்லை. கூட்டின் முன் உதட்டுக்கும் விசிறிக்கும் நடுவே ஓடும் ஒட்டுக்கோடு மட்டும் பளிச்சென்று தெரியும். 400 உப்புத்தாளைப் பென்சிலில் சுற்றி உள்ளே விட்டுத் தேயுங்கள். முதலில் தேய்ப்பு, பிறகு வண்ணம், கடைசியில் விசிறி.

பழைய பைலனையே பயன்படுத்தலாமா?

முடியாது. அது இரண்டு என்ஜின் சேர்ந்த கூட்டுக்காக வடிவமைத்தது. இறக்கையோடு சேரும் இடத்தில் 2 மி.மீ. விட்டு வெட்டிவிடுங்கள்; அந்த மிச்சம் புதிய பைலனுக்கு இடம் காட்டும்.

வெட்டும்முன் ஒரு அளவு எடுக்க வேண்டும். சக்கரங்களை ஒட்டாமல் பொருத்தி விமானத்தை மேசையில் நிறுத்தி, நான்கு பைலன் இடங்களிலும் இறக்கை அடிப்பரப்பிலிருந்து மேசைவரை அளந்து எழுதுங்கள். அதிலிருந்து என்ஜின் கூட்டின் உயரத்தைக் கழித்தால் பைலனுக்கும் தரை இடைவெளிக்கும் சேர்த்து மிஞ்சுவது எவ்வளவு என்று தெரியும். தரைக்குக் குறைந்தது 3 மி.மீ. விடுங்கள், நிஜத்தில் அது 43 செ.மீ. வெளி என்ஜினில்தான் இடிக்கும். இடித்தால் என்ஜினை முன்னால் தள்ளி மேலே தூக்குங்கள். கூட்டின் பின்முனை இறக்கையின் முன்விளிம்புக்கு நேர்கீழே, அல்லது சற்று முன்னே வரட்டும். முன்னே போகப்போக மேலே ஏற்ற இடம் கிடைக்கும். தாழ்ந்த இறக்கை கொண்ட பயணிகள் விமானங்களிலும் இதே தந்திரம்தான்.

பைலனை முதலில் அட்டையில் வெட்டிப் பாருங்கள். திருப்தியானதும் 1.0 மி.மீ. ஷீட்டின் இரு பக்கமும் 0.25 மி.மீ. ஒட்டி 1.5 மி.மீ. கனத்தில் நான்கு. முன்விளிம்பை உருட்டி, பின்விளிம்பைக் கத்திபோல் தேயுங்கள். மேலும் கீழும் இரண்டிரண்டு கம்பி ஆணி. வெறும் ஒட்டில் நம்பிக்கை வைத்தால், முதல்முறை துடைக்கும்போதே கையோடு வந்துவிடும்.

என்ஜின்கள் கோணலாகத் தெரிகின்றன, ஏன்?

இரண்டில் ஒரு காரணம்தான். இறக்கை 35 டிகிரி பின்சாய்வு கொண்டது. கை தன்னையறியாமல் பைலனை முன்விளிம்புக்குச் செங்குத்தாக வைத்துவிடும். அப்போது நான்கு என்ஜினும் வெளிப்பக்கம் பார்க்கும். பைலன் உடலின் நடுக்கோட்டுக்கு இணையாக நிற்க வேண்டும். கட்டம் போட்ட தாளில் நடுக்கோடு வரைந்து, விமானத்தைத் தலைகீழாக அதன்மேல் வைத்து டேப் போட்டு, கட்டக் கோடுகளோடு ஒப்பிட்டு ஒட்டுங்கள். மற்றது முன்பார்வை. இறக்கைப் பரப்புக்குச் செங்குத்தாக வைத்தால் என்ஜின்கள் சாய்ந்து நிற்கும். தரைக்குச் செங்குத்தாக நிற்கட்டும். இதற்கு எபாக்ஸி பசைதான் சரி. அரைமணி நேரம் திருத்திக்கொள்ளலாம். சூப்பர் க்ளூ இரண்டாம் வாய்ப்புத் தராது.

வாலை எவ்வளவு உயர்த்துவது?

இதற்கு அழகான விடை பி-52-ன் சொந்த வரலாற்றிலேயே இருக்கிறது. பி-52எஃப்வரை வந்த பழைய வகைகளில் வால் நெட்டை, தரையிலிருந்து 14.7 மீட்டர். ஜி-யில் எடையைக் குறைக்கும்போது வாலையும் குட்டையாக்கினார்கள்; எச்-சிலும் அதே 12.4 மீட்டர். பெரிய என்ஜினுக்காகப் பழைய உயரத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள் என்று வைத்துக்கொண்டால் கற்பனைக்கு ஒரு நியாயம் கிடைக்கிறது. 1/144-ல் வித்தியாசம் 16 மி.மீ.

வாலின் நிழலுருவைத் தாளில் வரைந்து, முன்விளிம்பையும் பின்விளிம்பையும் அதே கோணத்தில் மேலே நீட்டுங்கள். நுனி தானாகவே ஒடுங்கி வரும். கிட் வாலின் நுனித் தொப்பியை 2 மி.மீ. வெட்டி எறிந்துவிட்டு அந்த இடத்தின் கனத்தை அளங்கள். 2.2 மி.மீ. வந்தால் 1.0 ஷீட்டின் இருபுறமும் 0.75 ஒட்டி 2.5 ஆக்குங்கள். எப்போதும் கொஞ்சம் கனமாகவே தொடங்கித் தேய்த்துக் குறைக்க வேண்டும்; குறைவாகத் தொடங்கி புட்டியால் நிரப்பினால் பக்கவாட்டில் வெளிச்சம் படும்போது அலை தெரியும். 8 மி.மீ. நீளக் கம்பி இரண்டு, பாதி கீழே பாதி மேலே.

ஒட்டிய அடுக்குகளை இரண்டு நாள் தொடாதீர்கள். நடுவில் சிக்கிய சிமெண்ட் மெதுவாகத்தான் ஆவியாகும். அவசரப்பட்டுத் தேய்த்தால், ஒரு வாரம் கழித்து வண்ணத்துக்கு அடியில் பள்ளம் விழும்.

பிறகு சுக்கான். பழைய கீல்கோட்டைச் சூப்பர் க்ளூவால் நிரப்பி ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிடுங்கள். மறுநாள் அது பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகி, சுற்றியுள்ள பரப்பைத் தின்னும். வால் அகலத்தில் பின்பக்கக் கால்பங்கு அளவில் புதிய கோடு. லேபிள் டேப்பை அணைத்து, ஊசியின் எடையை மட்டும் விட்டு ஐந்தாறு முறை இழுங்கள். ஒரே இழுப்பில் ஆழமாகக் கீற நினைத்தால் ஊசி வழுக்கி, வால் முழுக்கக் கோடு போட்டுவிடும்.

நிஜ விமானத்தின் வால், கொட்டகைக்குள் நுழைவதற்காகப் பக்கவாட்டில் மடங்கும். நெட்டை வாலோடு மடக்கி வைத்துக் காட்ட ஆசைப்படுகிறவர்கள், கம்பி ஆணி போடும்முன் யோசித்துக்கொள்ளவும்.

மூக்கின் அடியில் உள்ள இரண்டு கொப்புளங்களை என்ன செய்வது?

அவை இரவு, தாழ்பறப்புக்கான கேமரா கூடுகள். புதிய ரேடார் வைத்த மூக்கில் அவை தேவையில்லை என்று எடுத்துவிடலாம். வெளியே தேய்க்கும்முன் உள்பக்கம் எம்-சீல் அப்பி ஒருநாள் காய விடுங்கள். இல்லையென்றால் தேய்த்துக்கொண்டே இருக்கும்போது திடீரென்று ஓட்டை விழும். உடலின் இரண்டு பாதியையும் ஒட்டியபின் இந்த ஞாபகம் வந்து பயனில்லை.

இறக்கையில் ஏலரான் கோடு கீற வேண்டுமா?

வேண்டாம். ஜி, எச் இரண்டிலும் ஏலரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் மடல்) கிடையாது. இறக்கையின் மேற்பரப்பில் எழும்பும் ஸ்பாய்லர் தகடுகளால்தான் விமானம் சாய்கிறது.

இறக்கை நுனிச் சக்கரம் தரையைத் தொடவில்லை. தப்பா?

இல்லை. எரிபொருள் குறைவாக இருக்கும்போது நிஜத்திலும் அது தரையை விட்டு எழும்பியிருக்கும். டேங்க் நிறைந்தால்தான் இரண்டும் தொடும். ஒரு பக்கம் மட்டும் தொட்டால்தான் உறுத்தும். பெரிய என்ஜினுக்கு இடைவெளி வேண்டும் என்பதால், எரிபொருள் இல்லாத விமானமாகவே காட்டுவது நமக்கு வசதி.

ஆயுதங்கள்?

உடலுக்கும் உள் என்ஜினுக்கும் நடுவே ஒவ்வொரு பக்கமும் ஒரு ஆயுதப் பைலன். நிஜத்தில் ஒன்றில் ஆறு குரூஸ் ஏவுகணை. பருத்த என்ஜினுக்கும் ஏவுகணைக்கும் நடுவில் 4 மி.மீ.யாவது இருக்கிறதா என்று பொருத்திப் பாருங்கள். இல்லையென்றால் பைலனை உள்ளே நகர்த்தாமல், ஆறுக்குப் பதில் நீளமான ஏவுகணை இரண்டோடு நிறுத்துங்கள். கற்பனை என்பதற்காகக் கிடைத்த இடத்திலெல்லாம் தொங்கவிட்டால் விமானம் சந்தைக் கடை ஆகிவிடும்.

என்ன வண்ணம்?

எஃப்எஸ் 36118 (அமெரிக்க அரசின் வண்ணத் தர எண்) சாம்பல், உடல் முழுக்க. மிஸ்டர் கலர் பிராண்ட் வண்ணத்தில் 305, நீர்வகையில் எச்305. 1/144-க்கு அது அப்படியே அடித்தால் கரியாகத் தெரியும். ஒன்பது பங்குக்கு ஒரு பங்கு வெள்ளை சேருங்கள்.

ஆனால் என்ஜின் கூட்டுக்கும் பைலனுக்கும் வால் நீட்சிக்கும் வெள்ளை கலக்காத வண்ணம். எச் மாடலின் கடைசி விமானம் 1962-ல் படையில் சேர்ந்தது. பல ஆண்டு வெயிலில் வெளுத்த உடலில் புதிதாக மாட்டிய பாகம் சற்றுக் கறுப்பாகத்தான் இருக்கும். மேம்படுத்தப்பட்ட விமானம் என்பதைச் சொல்ல இதைவிட நேரான வழியில்லை. என்ஜின்களைத் தனியே வண்ணம் அடித்துக் கடைசியில் மாட்டினால், மறைப்பு டேப் வேலையும் மிச்சம்.

கோடுகளுக்குக் கறுப்பு வாஷ் (நீர்த்த வண்ணம்) விட்டால் இந்தச் சாம்பலில் எதுவும் தெரியாது. உடலைவிட ஒரு படி வெளிர்ந்த சாம்பலைப் பலகைகளின் நடுவில் திட்டுத்திட்டாக, ஏர்பிரஷ் அழுத்தம் 12 பிஎஸ்ஐ அளவில் தூவுங்கள்.

கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் லாக்கர் வகை வண்ணம் அடித்தால், காற்றின் ஈரம் படிந்து பரப்பு பால் பூத்ததுபோல் வெளுக்கும். மெதுவாகக் காயும் ரிடார்டர் தின்னரைச் சேர்த்து அதே இடத்தில் இன்னொரு மெல்லிய பூச்சு விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எண்ணும் குறியீடும் எப்படி?

எச் மொத்தம் 102. வரிசை எண் 60-0001 முதல் 60-0062 வரை, 61-0001 முதல் 61-0040 வரை. உண்மை விமானம் மாற்றப்பட்டதாகக் காட்ட இதற்குள் ஒன்று. எதுவும் உண்மையாகிவிடக்கூடாது என்றால் 61-0040-ஐத் தாண்டி ஒன்று. வால் எழுத்து பார்க்ஸ்டேல் தளமென்றால் எல்ஏ (LA), மைனாட் தளமென்றால் எம்டி (MT). சோதனைப் படைப்பிரிவின் ஓடி (OT), கற்பனை மேம்பாட்டுக்குப் பொருத்தம். உயர்த்திய வாலில் எழுத்தைக் கிட் காட்டும் உயரத்திலேயே ஒட்டுங்கள். மேலே ஏற்றினால் நீட்டிய பகுதி குட்டையாகத் தெரியும். டெக்கால் (எழுத்து, குறியீடுகளின் ஒட்டுப்படம்) ஒட்டும்முன் பளபளப்பு வார்னிஷ் கட்டாயம். சொரசொரப்பான பரப்பில் அடியில் காற்று சிக்கி வெள்ளி பூத்துவிடும்.

என்ஜின் போன 757 இரண்டையும் குப்பையில் போடுவதா?

ஒன்றைக் கோடு கீறவும் வண்ணம் பழகவும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றது, கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் நிறுத்திவைத்த விமானமாகலாம். ஜன்னல்களுக்கு வெள்ளி டேப், கதவு ஓரங்களுக்கு வெள்ளைப் பட்டை, பைலனில் என்ஜினுக்குப் பதில் 7 மி.மீ. கான்கிரீட் கட்டி. நிஜத்திலும் என்ஜின் எடை போனால் விமானம் நிலைகுலையாமலிருக்க அப்படிக் கனம் தொங்கவிடுவதுண்டு. மாடலுக்கும் அதே நியாயம்தான். மூக்குக்குள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஈயம் வையுங்கள், இல்லையென்றால் வாலில் உட்கார்ந்துவிடும்.